மொட்டைமாடி வானிலை நிலையத்தைக் கணினியோடு இணைப்பது எப்படி: பெங்களூரு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் அன்று 111 மி.மீ. மழை கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை 133 ஆண்டுகளில் பெய்ததில்லை. அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் வானிலை நிலையத்தை மாட்டி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. ராத்திரி கன்சோலை, அதாவது வீட்டுக்குள் எண்களைக் காட்டும் திரைப்பெட்டியைப் பார்த்தேன், 94 மி.மீ. காட்டியது. அந்த 94 எப்படி வந்தது, முதல் அரைமணியில் எவ்வளவு, எப்போது ஓய்ந்தது என்று பார்க்கலாம் என்று கணினியைத் திறந்தால், மாலை நாலே முக்காலோடு பதிவு நின்றிருந்தது. கணினி தூக்க நிலைக்குப் போயிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் கன்சோலில் 'இன்றைய மழை'யும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை, என் கையில் அதற்கு ஒரே ஒரு எண்தான் மிச்சம்.

கன்சோல் இந்த நிமிடத்தைக் காட்டும். நேற்றையதை வைத்துக்கொள்வது கணினிதான். அதனால் இந்த வழிகாட்டியில் இணைப்பது எப்படி என்பதோடு, இணைத்த பிறகு பதிவு அறுபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த ஊரில் அது ரொம்ப முக்கியம். எச்.ஏ.எல். விமான நிலையத்தில் கொட்டும்போது எலஹங்காவில் வெயில் அடிக்கும். உங்கள் தெருவில் பெய்த மழைக்கு உங்கள் மாடிதான் சாட்சி.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வீட்டு வானிலை நிலையங்கள் கணினியோடு பேசும் வழிகள் மூன்று.

முதலாவது, யு.எஸ்.பி. கேபிள். ஃபைன் ஆஃப்செட் நிறுவனத்தின் பழைய கன்சோல்களிலும், டேட்டா லாகர் (பதிவுகளைச் சேமிக்கும் சிறு கருவி) போட்ட டேவிஸ் நிறுவனக் கன்சோல்களிலும் இந்த வழிதான். இவற்றுக்குச் சொந்த நினைவகம் உண்டு. ஃபைன் ஆஃப்செட்டில் 4080 பதிவுகள் நிற்கும், டேவிஸ் லாகரில் 2560. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று வைத்தால் முதலாவதில் 14 நாள், இரண்டாவதில் கிட்டத்தட்ட 9 நாள் கணினி அணைந்திருந்தாலும் ஒன்றும் போகாது. யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது, வைஃபை கேட்வே. இப்போது புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது இதுதான். என்னிடமும் ஈக்கோவிட் நிறுவனத்தின் கேட்வேதான், கீழே விவரமாகச் சொல்லப்போவதும் அதைத்தான். மாடியில் இருக்கும் சென்சார் ரேடியோ அலையில் அனுப்புகிறது, வீட்டுக்குள் இருக்கும் உள்ளங்கை அளவு கேட்வே அதை வாங்கி வைஃபையில் ஏற்றுகிறது.

மூன்றாவது, கன்சோலே இல்லாமல் ஒரு சிறிய எஸ்.டி.ஆர். ரிசீவரை (கணினி மென்பொருளால் இயங்கும் ரேடியோ வாங்கியை) கணினியில் செருகி, சென்சாரின் ரேடியோ சிக்னலை நேராகப் பிடிப்பது. லினக்ஸில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. புதிதாகத் தொடங்குபவர்கள் இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு விஷயம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று வகைகள் கேட்பார்கள். 915 அமெரிக்காவுக்கு உரியது, 868 ஐரோப்பாவுக்கு. நீங்கள் 433 கேளுங்கள்.

மாடியில் எங்கே மாட்டுவது

கணினிக்குப் போகும் எண் சரியாக இருக்க வேண்டும் என்றால் முதலில் சென்சார் சரியான இடத்தில் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் பைப்பைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது ஓனர் அம்மா, "ஏன்ப்பா, கேபிள் டி.வி.யா அது?" என்று கேட்டார். "இல்லம்மா, மழை அளக்கிறது" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்காமல் இருந்ததில்லை.

வெப்பநிலைதான் அதிகம் ஏமாற்றும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி பத்து மணி வரை கக்கும். கறுப்புத் தண்ணீர் தொட்டி, சோலார் ஹீட்டர், ஏ.சி.யின் வெளிப்பெட்டி ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். தளத்திலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உயரம் இருக்கட்டும். கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தால் காற்று தாராளமாகப் புகுந்து போகும். ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப், சுவரில் இரண்டு கிளாம்ப் போதும். பைப் ஆடக்கூடாது. ஆடினால் மழைமானிக்குள் மழையை அளக்கும் சின்னக் கரண்டியும் ஆடி, மழையே இல்லாத நாளில் 0.3, 0.6 என்று காட்டும்.

காற்று வேகத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காற்றை அளக்க வேண்டிய முறையான உயரம், தடையில்லாத வெளியில் 10 மீட்டர். நான்கு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் நம் தெருக்களில் அதற்கு வழியில்லை. எண் வரும், ஆனால் அதை வைத்துப் பெரிதாக எதையும் முடிவு செய்யாதீர்கள். வடக்கு அம்புக்குறியை வடக்கே திருப்பி வைப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. போனில் இருக்கும் திசைகாட்டி அதற்குப் போதும்.

மாட்டுவதற்கு முன் ஒரு நாள், சென்சாரையும் கேட்வேயையும் வீட்டுக்குள் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சில மணி நேரம் கழித்து இரண்டின் வெப்பநிலையும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். பேட்டரி, சிக்னல் எல்லாம் அப்போதே பார்த்துவிடலாம், அப்புறம் ஏணி போட்டு ஏற வேண்டியிருக்காது.

கேட்வேயை வீட்டு வைஃபையில் சேர்ப்பது

இந்தக் கேட்வேக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். நம் வீட்டு ரௌட்டர்களில் பல, 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. 'கனெக்ட் ஆகவில்லை' என்று வரும் புகார்களில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன. ரௌட்டர் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள். போனையும் 2.4-க்கு மாற்றிக்கொண்டு, டபிள்யூ.எஸ். வியூ பிளஸ் செயலியைத் திறந்து, அது சொல்கிறபடி கேட்வேயைச் சேர்த்தால் இரண்டு நிமிட வேலை.

கேட்வேயை மேல்மாடியில் ஜன்னல் ஓரமாக வையுங்கள். பெட்டியில் 100 மீட்டர் தூரம் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கு. ஒரு கான்கிரீட் தளமும் ஓர் இரும்பு பீரோவும் குறுக்கே வந்தால் பத்து மீட்டரில்கூடச் சிக்னல் அறுந்து அறுந்து வரும். வெயில் நேராகப் படும் ஜன்னல் வேண்டாம்.

இப்போது ஒரு வேலை, இதைத் தவிர்க்கவே கூடாது. ரௌட்டரில் கேட்வேக்கும் கணினிக்கும் நிலையான ஐ.பி. முகவரி (வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி) ஒதுக்குங்கள். அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போன்ற பெயரில் இது இருக்கும். உதாரணமாகக் கேட்வேக்கு 192.168.1.50, கணினிக்கு 192.168.1.60. இதைச் செய்யாவிட்டால் கரன்ட் போய் வந்ததும் ரௌட்டர் வேறு முகவரிகளைக் கொடுத்துவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும், பதிவு நிற்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கணினியில் மென்பொருள்

விண்டோஸ் என்றால் கியூமுலஸ் எம்.எக்ஸ்., லினக்ஸ் அல்லது ராஸ்பெர்ரி பை என்றால் வீவெக்ஸ். இரண்டும் இலவசம். இரண்டுமே பல வருஷமாக ஆர்வலர்கள் பேணி வளர்த்து வருபவை. கியூமுலஸ் லினக்ஸிலும் ஓடும். எல்லாவற்றையும் பிரவுசரிலேயே அமைத்துக்கொள்ளலாம் என்பதால் முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

பதிவிறக்கி விரித்து, சி டிரைவில் தனி ஃபோல்டராக வையுங்கள். அது ஓடத் தேவையான டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் துணைமென்பொருளின் பதிப்பு கணினியில் இல்லையென்றால் முதலில் அதை நிறுவ வேண்டும். நிரலை ஓடவிட்டுவிட்டு, பிரவுசரில் கணினியின் ஐ.பி. முகவரி, முக்காற்புள்ளி, 8998 என்று அடித்தால் முகப்பு வரும். நிலைய அமைப்பு பக்கத்துக்குப் போனால் முதல் கேள்வி, உங்கள் நிலையம் எந்த வகை என்பது.

ஈக்கோவிட் கேட்வேக்கு இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று லோக்கல் ஏ.பி.ஐ. இதில் கணினி தானாகவே கேட்வேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்வேயின் ஐ.பி. முகவரியைக் கொடுத்துச் சேமித்து, நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் சரி, எண்கள் ஓடத் தொடங்கிவிடும். இதுதான் சுலபம், இதையே எடுங்கள்.

திரையுள்ள பழைய கன்சோல்கள் சிலவற்றில் லோக்கல் ஏ.பி.ஐ. கிடையாது. அவற்றில் கன்சோல்தான் கணினிக்கு அனுப்ப வேண்டும். நிலைய வகையில் எச்.டி.டி.பி. ஈக்கோவிட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு போன் செயலியில் 'கஸ்டமைஸ்டு' என்ற பக்கத்துக்குப் போய், புரோட்டோகால் ஈக்கோவிட், சர்வர் முகவரியாகக் கணினியின் ஐ.பி., போர்ட் 8998 என்று நிரப்புங்கள். பாதை என்ற கட்டத்தில் 'ஸ்டேஷன்', 'ஈக்கோவிட்' என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு, இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். அனுப்பும் இடைவெளி 60 நொடி இருக்கலாம். இவ்வளவு செய்தும் ஒன்றும் வரவில்லை என்றால் ஏறத்தாழ நிச்சயமாக விண்டோஸ் ஃபயர்வால்தான் மறிக்கிறது. அதில் 8998 போர்ட்டுக்கு வீட்டு நெட்வொர்க்கிலிருந்து உள்ளே வர அனுமதி கொடுங்கள்.

அலகுகளை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: வெப்பநிலைக்குச் செல்சியஸ், மழைக்கு மில்லிமீட்டர், காற்றழுத்தத்துக்கு ஹெக்டோபாஸ்கல், காற்றுக்கு மணிக்குக் கிலோமீட்டர். பாதியில் மாற்றினால் பழைய பதிவும் புதியதும் ஒட்டாது. பதிவு இடைவெளி ஐந்து நிமிடம் வையுங்கள். அரைமணி வைத்தால் நம்மூர் மழையின் உருவமே பிடிபடாது. சித்திரை மாத மழை இருபது நிமிடத்தில் கொட்டி முடித்துவிட்டுப் போய்விடும்.

காற்றழுத்தம் 912 காட்டினால் பயப்படாதீர்கள்

முதல் நாள் கேட்வேயில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல் என்று வந்தது. 1999 ஒடிசா பெரும்புயலின் மையத்தில் பதிவானதும் அதே 912தான். நிலையம் பழுதோ என்றுதான் நினைக்கத் தோன்றும். பழுதில்லை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நமக்கு மேலே இருக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. செய்தியில் சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டது. நம் 912-ஐ அப்படி மாற்றினால் சுமார் 1012 வரும்.

கேட்வேயில் இரண்டு எண் இருக்கும். ஒன்று இருக்கிறபடி அளந்த அழுத்தம், இன்னொன்று ஒப்பீட்டு அழுத்தம். முதலாவதைத் தொடாதீர்கள். இரண்டாவதை, விமான நிலைய வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தோடு பொருத்துங்கள். எச்.ஏ.எல். நிலையத்தின் குறியீடு வி.ஓ.பி.ஜி., தேவனஹள்ளியினது வி.ஓ.பி.எல். அறிக்கையில் கியூ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் அது. காற்று அடங்கியிருக்கும் நாளில், அறிக்கை வெளிவந்த அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். கேட்வேயில் திருத்திவிட்டால் கியூமுலஸில் மறுபடி திருத்தாதீர்கள். இரண்டு இடத்திலும் செய்தால் 100 ஹெக்டோபாஸ்கல் இரண்டு முறை கூடி 1112 வந்து நிற்கும்.

இரண்டு நாள் பொறுத்து அழுத்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள். காலை பத்து மணிவாக்கில் ஒரு மேடு, மாலை நாலு மணிக்கு ஒரு பள்ளம், ராத்திரி பத்துக்கு மறுபடி மேடு, விடிகாலை நாலுக்குப் பள்ளம். மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்கும், தினமும், கடிகாரம் போல. சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதும் எழும் அலை இது, நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில்தான் நன்றாகத் தெரியும். கன்சோலை எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் இது பிடிபடாது. என் திரையில் அந்த இரண்டு மேடும் முதன்முதலாக வந்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மழைமானியைச் சரிபார்ப்பது

உள்ளே இரண்டு பக்கமும் சாயும் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. ஒரு பக்கம் நிறைந்ததும் டக்கென்று சாய்ந்து கொட்டும், மறுபக்கம் மேலே வரும். சாயும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டுகிறது. என்னுடையதில் ஒரு தட்டுக்கு 0.3 மி.மீ. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தட்டுகளின் எண்ணிக்கைதான்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இதை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம். என் மழைமானியின் வாய் 11 செ.மீ. விட்டம், பரப்பு 95 சதுர செ.மீ. ஆகவே 9.5 மி.லி. தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம், 190 மி.லி. ஊற்றினால் 20 மி.மீ. காட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றக்கூடாது, கரண்டி சாயும் நேரத்தில் தண்ணீர் வீணாக வழியும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட் ஒன்றை வாங்கி, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். 18.3 வந்தது. 20-ஐ 18.3-ஆல் வகுத்தால் 1.09. செயலியில் மழைக்கான பெருக்கியாக அந்த எண்ணைக் கொடுத்தேன். மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது. சோதனை மழை அன்றைய கணக்கில் சேராமல் இருக்க, கியூமுலஸில் இன்றைய மழையைத் திருத்தும் பக்கம் இருக்கிறது. அங்கே போய் எடுத்துவிடுங்கள்.

அடைமழையில் இந்தக் கரண்டி கொஞ்சம் குறைத்தே எண்ணும். அதனால் பக்கத்தில் சாதாரண அளவுக்குழாய் மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறேன். பெரிய மழைக்கு மறுநாள் இரண்டையும் பார்த்து எழுதிக்கொள்வேன்.

பதிவு அறுபடாமல் இருக்க

ஜூன் 2-இல் நான் இழந்தது இங்கேதான். கணினியின் பவர் அமைப்பில் தூக்கம் 'ஒருபோதும் வேண்டாம்' என்று வையுங்கள். லேப்டாப் என்றால் மூடியை மூடினாலும் ஓட வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கணினி தானே மறுதொடக்கம் ஆகும், அப்போது நிரலும் தானே எழ வேண்டும். அதற்குக் கியூமுலஸை ஒரு சர்வீஸாக (கணினி எழுந்ததும் பின்னணியில் தானே ஓடும் நிரலாக) நிறுவிக்கொள்ளலாம்.

நாள் முழுக்க லேப்டாப்பை ஓடவிட மனமில்லையென்றால் ராஸ்பெர்ரி பை நல்லது. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், கரன்ட் சில வாட்தான். ஆனால் ஒரு குறை தெரிந்திருக்க வேண்டும். பை 4 வரையிலான மாடல்களில் கடிகாரச் சிப் கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. கரன்ட் போய் வந்து, இணையம் வருவதற்கு முன்பே நிரல் தொடங்கிவிட்டால், பதிவெல்லாம் தப்பான நேரத்தில் விழும். பேட்டரியோடு வரும் சின்னக் கடிகார மாட்யூல் ஒன்றை அதில் பொருத்திவிடுங்கள்.

கேட்வே, ரௌட்டர், கணினி மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போதும். நம்மூரில் இடி இடித்தாலே கரன்ட் போகும், நாம் பதிய விரும்பும் மழையும் அதே நேரத்தில்தான் வரும். அப்படியும் இடைவெளி விழுந்தால் ஒரு வழி இருக்கிறது. ஈக்கோவிட் இணையதளத்தில் கணக்குத் திறந்து கேட்வேயை அங்கும் அனுப்பச் செய்துவிட்டு, அந்தக் கணக்கின் ஏ.பி.ஐ. சாவிகளைக் கியூமுலஸில் கொடுத்தால், மறுபடி தொடங்கும்போது விட்டுப்போனதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வீட்டு இணையமும் சேர்ந்து போயிருந்தால் மட்டும் இது உதவாது.

கியூமுலஸ் ஃபோல்டருக்குள் 'டேட்டா' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. உங்கள் வானிலை முழுவதும் அதற்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பென்டிரைவில் நகலெடுங்கள்.

ஊரோடு ஒப்பிடும்போது

இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். கணினியின் நாள் நள்ளிரவில் முடியும். பெங்களூரு மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் பெய்வதால் இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரியும். பதினொன்றரை மணிக்குத் தொடங்கி விடிய விடியப் பெய்த மழையைக் கணினி இரண்டு நாளாகப் பிரித்துவிடும். செய்தித்தாள் எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் ஐந்து நிமிடப் பதிவிலிருந்து 8.30 முதல் 8.30 வரை கூட்டிப் பாருங்கள்.

வெதர் அண்டர்கிரவுண்ட் போன்ற தளத்தில் கணக்குத் திறந்து நிலைய எண்ணும் சாவியும் வாங்கினால், கியூமுலஸிலிருந்தே உங்கள் மாடியின் வானிலை ஊருக்கும் போகும். இருப்பிடத்தைக் கொடுக்கும்போது அட்சரேகை, தீர்க்கரேகையில் இரண்டு தசம இலக்கம் போதும். சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இடம் தெரியும், வீட்டு வாசல் தெரியாது.

மாஞ்சாரல் தொடங்குவதற்கு முன், பிப்ரவரி கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை மழைமானியின் புனலைக் கழற்றிக் கழுவுங்கள். போன தடவை நான் திறந்தபோது தெரு மரத்தின் மஞ்சள் இதழ்கள் துளையை முழுக்க அடைத்திருந்தன. கரண்டிக்கடியில் ஒரு சிலந்தி நூல் கட்டி, அதைச் சாயவிடாமல் பிடித்து வைத்திருந்தது.